கடலைக் காக்க நாலாவைக் கவனிப்போம்

மழைக்காலத்தில் கடல் பொங்கும் நாட்களில், மரைன் டிரைவ் சுவரைத் தாண்டி விழும் அலைகளைப் பார்க்க மும்பைவாசிகள் கூட்டம் கூட்டமாகப் போவதுண்டு. அலை வடிந்த பிறகு சாலையில் கிடப்பவற்றை அன்பர்கள் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் பாட்டில்கள், மூடிகள், பால் பைகள், அறுந்த செருப்புகள், தெர்மாகோல் துண்டுகள்! மாநகராட்சி ஊழியர்கள் லாரியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். நாம் கொடுத்ததைக் கடல் திருப்பித் தருகிறது என்று பேசிக்கொள்கிறோம். எந்த வழியாகக் கொடுத்தோம் என்பதை மட்டும் யோசிப்பதில்லை.

அந்த வழி எனக்கு நன்றாகத் தெரியும். ரயில்வேயில் தண்டவாளத்துக்கு அடியில் நாலாக்கள் கடந்து செல்லும் சிறு பாலங்களைப் பராமரிப்பது என் வேலைகளில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அவற்றைத் தூர்வார வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வந்தது சேறும் கல்லும்தான். பிறகு வந்ததில் பாதி பிளாஸ்டிக் பை. சேறு அடைத்தாலும் தண்ணீர் எப்படியாவது கொஞ்சம் கசிந்து போகும். பிளாஸ்டிக் பையோ கம்பியில் ஒட்டிக்கொண்டு மூடி போட்டதுபோல் அடைத்துவிடும். அதன்மேல் அடுத்த பை வந்து ஒட்டும். பெருமழை தள்ளும்போது மொத்தமும் பிய்த்துக்கொண்டு கடலுக்குப் போகும்.

2005 ஜூலை 26-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அன்றைய வெள்ளத்துக்கு பிளாஸ்டிக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. கடல் ஏற்றமும், மித்தி ஆற்றை நெருக்கிக் கட்டிய கட்டிடங்களும் சேர்ந்த வினை அது. ஆனாலும் அடைபட்ட நாலாக்கள் நிலைமையை மோசமாக்கின. அடுத்த ஆண்டே மகாராஷ்டிர அரசு 50 மைக்ரானுக்குக் குறைந்த பைகளைத் தடை செய்தது. 2018-இல் தடை விரிந்தது. 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, பிளாஸ்டிக் கப், ஸ்பூன் போன்றவற்றுக்கு நாடு முழுவதும் தடை. சட்டம் இருக்கிறது, காய்கறி வண்டியில் மெல்லிய பையும் இருக்கிறது.

கடலுக்குப் போன பின் அள்ளிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பை செய்யும் பாலிதீன் தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் கனமானது. மூடி இருந்தால் காற்றோடு மிதக்கும், மூடி கழன்றால் நீர் நிறைந்து அடியில் போய்விடும். ஆக, மேலே வலை வீசினால் ஒரு பங்குதான் அகப்படும். மிதப்பதும் மக்குவதில்லை. வெயிலும் அலையும் அதைப் பொடிப்பொடியாக்க, மீன் விழுங்குகிறது.

வெர்சோவா கடற்கரையை வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா 2015 அக்டோபரில் சுத்தம் செய்யத் தொடங்கினார். வாராவாரம் ஆயிரக்கணக்கானோர் கைகொடுத்தார்கள். 2018-இல் அங்கே ஆமைக்குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குள் போயின. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் குப்பை திரும்ப வந்தது. பின்னர் அவரும் மித்தி ஆற்றுப் பக்கம் வேலையைத் தொடங்கினார். பொறியியல்படி அதுதான் சரி. நாலா கடலில் சேருமிடத்தில் குறுக்கே ஒரு மிதவைத் தடுப்பைக் கட்டினால் தண்ணீர் அடியில் போகும், குப்பை நிற்கும். மும்பையிலும் சில இடங்களில் கட்டியிருக்கிறார்கள். நின்ற குப்பையைத் தினமும் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் முதல் பெருமழையிலேயே தடுப்பு அறுந்துவிடும். கட்டுவதற்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது எல்லா இலாகாவிலும் உள்ள கதை.

கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரையில் 2017-இல் வேறொரு வழி கண்டார்கள். வலையில் மீனோடு வரும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் கடலில் திரும்ப வீசாமல் கரைக்குக் கொண்டு வருகிறார்கள். அதைத் துண்டாக்கி, தார்ச் சாலை போடக் கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் கலந்து சாலை போடும் முறையைக் கண்டவர் மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். 2018-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்குப் பெருமைதான். ஷாம்பூவை சாஷேயில் அடைத்து விற்ற முன்னோடியும் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்!

அந்த சாஷேயைத்தான் எந்த பங்கார்வாலாவும் வாங்குவதில்லை. பல அடுக்குகள் ஒட்டியிருப்பதால் தாராவியில்கூட அதைப் பிரித்து உருக்க முடியாது. பால் பைக்கு விலை உண்டு. கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வார். ஒரு விஷயம்: பையின் மூலையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சிறு துண்டை யாரும் பொறுக்குவதில்லை, நேரே நாலாவுக்குப் போகும். பாதி வெட்டித் தொங்க விட்டாலே பால் வரும்.

அடுத்த பொங்கல் விழாவுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்காமல் எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுக்கலாம் என்று சங்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். கழுவ ஆள் கிடைக்காது என்கிறார். இரண்டு பேர் போதும்; ஒருவர் நான்.