கம்மலில் ரோமானியக் கண்ணாடி... மண்ணுக்குள் நம் மணி!

வெள்ளிக் கம்மலின் நடுவே மயில் கழுத்துபோல நீலமும் பச்சையுமாக மினுங்கும் ஒரு கண்ணாடிச் சில்லு. ‘ரோமன் கிளாஸ்’ என்ற பெயரில் இஸ்ரேலில் விற்பனையாகும் நகை இது. ரோமானியர் காலத்தில் கிண்ணமாகவோ தைலக் குப்பியாகவோ இருந்து உடைந்த துண்டுகளைத்தான் இன்று வெள்ளியில் பதிக்கிறார்கள்.

அந்த மினுமினுப்பு சாயம் அல்ல. பல நூற்றாண்டுகள் ஈரமண்ணில் கிடந்ததில் கண்ணாடியின் மேற்பரப்பு மெல்லிய ஏடுகளாகப் பிரிந்துவிடும். அதில் ஒளி பட்டால், சோப்புக் குமிழியில் தெரிவதுபோல வானவில் நிறங்கள் தெரியும்.

ரோமானியக் கண்ணாடி நம் கடற்கரைக்கும் வந்திருக்கிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மதுச்சாடித் துண்டுகளோடு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணத் துண்டுகளும் கிடைத்தன.

நம்மவர்கள் வாங்குவதோடு நிற்கவில்லை. உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மணிகளாக்கினார்கள். இந்த வகை மணிகள் ஆப்பிரிக்கா முதல் கொரியா, ஜப்பான் வரை கிடைத்திருக்கின்றன. இந்தியக் கண்ணாடிக்கு ஈடில்லை என்று ரோமானிய எழுத்தாளர் பிளினியே எழுதிவைத்திருக்கிறார். ஆந்திராவில் திருப்பதி பக்கமுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் கைத்தொழில் நம் காலம் வரை தொடர்ந்தது.

சோழர்களின் துறைமுகமான பூம்புகாருக்கும் இந்தக் கடல் வாணிகத்தில் பங்குண்டு. காவிரி கடலில் கலக்கும் அந்த ஊரை அடுத்த கீழையூரில், 1960-களில் செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை வெளிப்பட்டது. அங்கு நடந்த அகழாய்வுகளில் மணிகளும் கிடைத்தன.

இப்படிப்பட்ட பழைய ஊர்மேடுகளில், பெருமழை மண்ணை அரித்த பிறகு மணிகள் கண்ணில் படுவதுண்டு. எடுத்துக் கோத்தால் அழகான மாலைதான். ஆனால், எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைச் சொல்ல முடியும். இடம் மாறிவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும். பிறகு அது வெறும் பாசிமணி.

சட்டமும் கண்டிப்பானது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த தொல்பொருள்களை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

எனவே, பழைய மணி கண்ணில் பட்டால் தொடாமல் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வி.ஏ.ஓ-விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். கழுத்துக்கு மாலை வேண்டுமென்றால் புதுக் கண்ணாடி மணிகள் கடையிலேயே கிடைக்கும். பழைய மணி, அது கிடந்த ஊரின் கதையைச் சொல்லட்டும்!