பாடம் நடத்த விண்வெளிக்குப் புறப்பட்ட டீச்சர்!

கணவர், இரண்டு குழந்தைகள், பள்ளிக்கூடம், தேவாலயத்தில் சிறுவர்களுக்கு வகுப்பு, சாரணியர் குழு வேலை... இப்படி ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு டீச்சரை 1985-ல் உலகமே திரும்பிப் பார்த்தது. அவர் பெயர் கிறிஸ்டா மெக்காலிஃப்.

'சேலஞ்சர்' விபத்து என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, நீல வானத்தில் இரண்டாகப் பிரிந்து போன வெண்புகைதான். அந்த விண்கலத்தில் இருந்த 7 பேரில் ஒருவர் பள்ளியில் சமூக அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். அவர் எப்படி அங்கே போனார்? விண்வெளியில் அவர் நடத்த இருந்த பாடங்கள் என்ன ஆயின?

ஐந்து பிள்ளைகளில் மூத்தவர்

1948 செப்டம்பர் 2-ம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார் கிறிஸ்டா. அப்பா கணக்காளர். அம்மா, பள்ளியில் ஆசிரியர்கள் விடுப்பில் போகும் நாள்களில் வந்து பாடம் எடுப்பவர். ஐந்து பிள்ளைகளில் கிறிஸ்டாதான் மூத்தவர். பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் வளர்ந்தார்.

மனிதன் விண்வெளிக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அவர் பள்ளி மாணவி. விண்வெளி வீரர் ஆகும் வாய்ப்பு அன்றைய அமெரிக்கப் பெண்களுக்கு இல்லை. கிறிஸ்டா ஆசிரியர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

1970-ல் பட்டம் வாங்கிய கையோடு, பள்ளிக் காலத்திலிருந்து காதலித்த ஸ்டீவைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவரின் சட்டப் படிப்புக்காக மேரிலாந்து மாநிலத்துக்குக் குடிபோனார்கள். அங்கே கிறிஸ்டா நடுநிலைப் பள்ளிகளில் வேலை பார்த்தார். கைக்குழந்தையோடு, வேலையையும் விடாமல், 1978-ல் முதுநிலைப் பட்டமும் வாங்கிவிட்டார். அதே வருடம் குடும்பம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தலைநகரான கான்கார்டில் குடியேறியது. தலைநகர் என்றாலும் சின்ன ஊர்தான். 1983-ல் அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

ஊருக்கே தெரிந்த டீச்சர்

பள்ளி மணி அடித்தாலும் அவர் வேலை முடியாது. கத்தோலிக்கரான கிறிஸ்டா, ஊரில் இருந்த புனித பேதுரு ஆலயத்தில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுத்தார். சிறுமியாக இருந்தபோது தான் சேர்ந்திருந்த சாரணியர் இயக்கத்தில், இப்போது பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருந்தார். ஊருக்காக நிதி திரட்டும் வேலை என்றாலும் முன்னால் நின்றார். எதற்கும் சம்பளம் கிடையாது.

வகுப்பில் அவர் பாணியே வேறு. பாடப்புத்தகத்தோடு நிற்க மாட்டார். நீதிமன்றம், சிறைச்சாலை என்று மாணவர்களை நேரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். ராஜாக்களும் போர்களும் மட்டும் வரலாறு ஆகிவிடாது, சாதாரண மனிதர்களின் வாழ்க்கையும் வரலாறுதான் என்பது அவருடைய நம்பிக்கை. பெண்களின் கதை பாடப்புத்தகங்களில் போதிய அளவு இல்லை என்பதால், 'அமெரிக்கப் பெண்' என்ற பாடத்தைத் தானே உருவாக்கினார். பழைய நாட்குறிப்புகளும் கடிதங்களும்தான் அந்த வகுப்பின் புத்தகங்கள்.

11,000 பேரில் ஒருவர்

1984 ஆகஸ்ட் மாதம் அதிபர் ரீகன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். விண்வெளிக்குப் போகும் முதல் சாதாரணக் குடிமகன், ஓர் ஆசிரியராக இருப்பார் என்பதுதான் அது. 11,000-க்கும் அதிகமான ஆசிரியர்கள் விண்ணப்பித்தார்கள்.

விண்வெளி யுகம் பிறந்ததைப் பார்த்தவள் நான், அதில் பங்கேற்கவும் விரும்புகிறேன் என்று தன் விண்ணப்பத்தில் எழுதினார் கிறிஸ்டா. விண்வெளியில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, நாட்குறிப்பு எழுதுவேன் என்றார். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த பெண்கள் வழியில் பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தார்கள். அதுபோல ஒரு சாதாரண மனுஷியின் கண்ணால் விண்வெளியைப் பார்த்து எழுத ஆசைப்பட்டார். தினமும் வகுப்பில் சொன்னதை, அவரே செய்து காட்ட வேண்டிய நேரம் அது.

114 பேர், பிறகு 10 பேர் என்று பட்டியல் சுருங்கியது. 1985 ஜூலை 19-ம் தேதி வெள்ளை மாளிகையில் அவர் பெயரை அறிவித்தார் துணை அதிபர் ஜார்ஜ் புஷ். பேசும்போது கிறிஸ்டாவுக்குத் தொண்டை அடைத்தது. அந்த விண்கலத்தில் போவது ஓர் உடலாக இருக்கலாம், ஆனால் 10 ஆன்மாக்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். தன்னோடு இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களையும் அவர் விட்டுவிடவில்லை!

அம்மா ஊரில் இல்லாத மாதங்கள்

செப்டம்பரில் பயிற்சிக்காக ஹூஸ்டன் நகருக்குக் கிளம்பினார். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. வழக்கறிஞரான ஸ்டீவ் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். மகன் தன் தவளை பொம்மையை அம்மாவிடம் கொடுத்து, விண்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான்.

விண்கலத்திலிருந்து நேரலையில் இரண்டு பாடங்கள் நடத்துவதாகத் திட்டம். விண்கலத்தைச் சுற்றிக் காட்டி, அங்கே எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள் என்று விளக்குவது முதல் பாடம். மாணவர்களை எப்போதும் வெளியே கூட்டிப் போகும் டீச்சர் அல்லவா... 'எல்லாவற்றுக்கும் மேலான கல்விச் சுற்றுலா' என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்திருந்தார். மனிதன் ஏன் விண்வெளிக்குப் போக வேண்டும் என்பது இரண்டாவது பாடம். இவை தவிர, சின்னச் சின்ன அறிவியல் சோதனைகளைப் படம் பிடித்து வரவும் பயிற்சி எடுத்தார்.

பயணம் முடிந்ததும் என்ன திட்டம்? மறுபடியும் தன் வகுப்பறைக்கே போவதுதான்.

73 விநாடிகள்

ஜனவரி 22-ல் கிளம்ப வேண்டிய விண்கலம் பலமுறை தள்ளிப்போனது. ஜனவரி 27 இரவு ஃபுளோரிடாவில் கடும் குளிர். ஏவுதளத்தில் பனி ஊசி ஊசியாகத் தொங்கியது.

பக்கவாட்டு ராக்கெட்டின் பகுதிகள் சேரும் இடத்தில், சூடான வாயு கசியாமல் தடுக்க ரப்பர் வளையங்கள் இருக்கும். குளிரில் ரப்பர் இறுகிவிடும். இடைவெளியைச் சட்டென்று அடைக்காது. ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் அன்றிரவே இதைச் சொல்லி, ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். நிர்வாகம் அதைத் தள்ளிவிட்டு ஒப்புதல் கொடுத்தது. இந்த வாக்குவாதம் நடந்ததே விண்கலத்தில் ஏறப்போகிறவர்களுக்குத் தெரியாது.

1986 ஜனவரி 28 காலை. விண்கலத்தில் ஏறும் முன்பு பணியாளர் ஒருவர் கிறிஸ்டாவிடம் ஓர் ஆப்பிளை நீட்டினார். டீச்சருக்கு ஆப்பிள் கொடுப்பது அமெரிக்கப் பள்ளிகளின் பழைய வழக்கம்.

11.38 மணிக்கு சேலஞ்சர் கிளம்பியது. அப்போது வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். 73-வது விநாடியில், சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். கிறிஸ்டாவுக்கு வயது 37.

ஏவுதளத்தில் அவருடைய பெற்றோர், கணவர், குழந்தைகள், மகனின் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கான்கார்ட் பள்ளி அரங்கில் மாணவர்கள் கொண்டாட்டத் தொப்பியும் ஊதலுமாகக் கூடியிருந்தார்கள். நாடு முழுக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நேரலையில் பார்த்தார்கள். அன்று மாலை தொலைக்காட்சியில் பேசிய ரீகன், அந்தப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ரப்பர் வளையம்தான் காரணம் என்பதை விசாரணைக் குழு உறுதி செய்தது. எச்சரிக்கை மேலிடம் வரை போய்ச் சேராத நிர்வாக முறையையும் அது கண்டித்தது.

மற்றவர்கள் நடத்திய பாடம்

கிறிஸ்டாவால் போக முடியாமல் போனால் பதிலுக்குப் போவதற்காகக் கூடவே பயிற்சி எடுத்தவர் பார்பரா மோர்கன். ஐடஹோ மாநிலத்தில் தொடக்கப் பள்ளி டீச்சர். விபத்துக்குப் பிறகு அவர் தன் வகுப்புக்கே திரும்பினார். 1998-ல் முழுநேர விண்வெளி வீரராகத் தேர்வானார். 2007 ஆகஸ்டில், 'எண்டெவர்' விண்கலத்தில் பறந்தார். இடையில் 21 வருடங்கள் ஓடியிருந்தன!

சேலஞ்சரில் இறந்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து, பிள்ளைகளுக்கு விண்வெளி அறிவியல் கற்றுத்தரும் 'சேலஞ்சர் மையம்' என்ற அமைப்பைத் தொடங்கின. இந்த மையமும் நாசாவும் சேர்ந்து 2018-ல் ஒரு காரியம் செய்தன. முன்பு ஆசிரியர்களாக இருந்த ஜோ அகாபா, ரிக்கி ஆர்னால்டு என்ற இரண்டு வீரர்கள், கிறிஸ்டா செய்வதாக இருந்த சோதனைகளில் சிலவற்றைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் செய்து படம் பிடித்தார்கள். எடையற்ற நிலையில் திரவம் எப்படி இருக்கும், நியூட்டனின் விதிகள் எப்படி வேலை செய்யும் என்று விளக்கும் பாடங்கள் அவை.

2024 செப்டம்பர் 2 அன்று, அவர் இருந்திருந்தால் 76-வது பிறந்தநாள். கான்கார்டில் உள்ள மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை திறந்தார்கள். அந்த வளாகத்தில் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்ட முதல் சிலை அதுதான். வரலாற்றுப் பாடத்தில் பெண்களைக் காணோமே என்று தானே ஒரு பாடத்தை எழுதியவர், அதே ஊரில் அப்படி வந்து நிற்கிறார்.

கிறிஸ்டாவிடம் படித்த சிலர் பின்னாளில் ஆசிரியர்கள் ஆனார்கள். விண்வெளியில் படமான அந்தப் பாடங்கள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருநாள் பாருங்களேன்!