சொல் உன்னுடையது, டிஸ்க் யாருடையது?

இணையச் சமூகம் என்று பேச ஆரம்பித்தாலே நம்மில் பலர் பொதுவெளி, அடையாளம், உடலற்ற குரல் என்று மேலே மேலே ஏறிப்போய்விடுகிறோம். ஏறட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சு முழுக்க எங்கோ ஓர் அறையில், மின்விசிறி இரைச்சலோடு, கரண்ட் பில் ஏறிக்கொண்டிருக்கிற ஒரு பெட்டிக்குள்தான் நடக்கிறது. அந்தப் பெட்டிக்கு சர்வர் என்று பெயர். அது ரிப்பேர் ஆனால் யார் ராத்திரி கண் விழிக்கிறார்கள், போதாமல் போனால் புதுசு வாங்க யார் காசு தருகிறார்கள் என்பது கோட்பாட்டுக் கட்டுரைகளில் வருவதில்லை. உற்பத்திச் சாதனங்களின் உடைமை பற்றி முப்பது வருஷம் பேசியவர்கள்கூட இந்தப் பெட்டி விஷயத்தில் அசந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். கம்ப்யூட்டர் வரலாற்றின் ஆரம்பத்திலிருந்து இரண்டு சமூகங்களை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். இரண்டுமே அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நடந்தவை.

அதற்கு முன்னால் ஒரு தொழில்நுட்ப விஷயம். சர்வர் என்பது பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிற கம்ப்யூட்டர், அவ்வளவுதான். 1960களில் நேரப்பகிர்வு என்ற முறை வந்தது. இயந்திரம் ஒன்றுதான், தன் நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி உனக்குக் கொஞ்சம் எனக்குக் கொஞ்சம் என்று எல்லோருக்கும் மாறி மாறிப் பரிமாறும். பந்தியில் பத்துப்பேர் உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. நூறு பேர் உட்கார்ந்தால் சாம்பார் வருவதற்குள் சோறு ஆறிவிடும். இங்கேயும் அப்படித்தான். நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டுவீர்கள், அது திரையில் தெரிய நேரமாகும். இன்னொரு பக்கம், பேசியதெல்லாம் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிறைந்துகொண்டே வரும். ஆக, ஒரு சமூகம் உருப்படியாக வளர்ந்தால் அது தன் இயந்திரத்தைத் தானே மூச்சுமுட்ட வைத்துவிடும். அப்போதுதான் 'அப்கிரேட்' என்ற பேச்சு எழுகிறது. அதுவரை சமூகம், உறவு, உரையாடல் என்று இருந்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் பட்ஜெட் ஆகிவிடும்.

முதல் சமூகம் பெர்க்லியில். 1973 ஆகஸ்ட் 8ஆம் தேதி லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடைக்குப் படியேறிப் போகிறவர்கள், இசைக்கலைஞர்கள் துண்டுச்சீட்டு குத்திவைக்கும் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைப் பார்த்தார்கள். உள்ளே ஒரு டெலிடைப், அதாவது தந்தி அலுவலகப் பாணியில் காகிதச் சுருளில் அடிக்கிற இயந்திரம். சத்தம் தாங்காது என்பதால் அதைப் பெட்டிக்குள் அடைத்து, கை நுழைக்க இரண்டு ஓட்டை, பார்க்க ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருந்தார்கள். தொலைபேசி வழியே, வினாடிக்கு 10 எழுத்து வேகத்தில், அது சான்பிரான்சிஸ்கோவில் இருந்த ஒரு பெரிய கம்ப்யூட்டரோடு பேசியது. இதற்குக் கம்யூனிட்டி மெமரி என்று பெயர். 'சேர்', 'தேடு' என்பதுபோல இரண்டொரு கட்டளைதான். லீ ஃபெல்சென்ஸ்டைன், எஃப்ரம் லிப்கின், மார்க் ஸ்பகோவ்ஸ்கி, ஜூட் மில்ஹோன் போன்றவர்கள் இதன் பின்னால் இருந்தார்கள். கம்ப்யூட்டர் என்றாலே பட்டாளத்தின் கருவி, வங்கியின் கருவி என்று மாணவர்கள் வெறுத்த காலம். ஜனங்கள் பக்கத்தில் வரவே மாட்டார்கள், உடைத்தாலும் உடைப்பார்கள் என்று பயந்திருக்கிறார்கள். ஜனங்கள் வந்து நின்றார்கள். வீடு தேடினார்கள், வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள். நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு, கடைகளின் பெயர்களோடு, செய்யவே கற்றுத்தருகிறேன் என்றும் ஒரு பதில் வந்தது. பர்ரோஸ் நாவலிலிருந்து பென்வே என்ற பாத்திரத்தின் பெயரை எடுத்துக்கொண்டு யாரோ ஒருவர் கிறுக்குத்தனமான வாசகங்களை எழுதிப்போட்டார். அமைப்பாளர்கள் எதிர்பார்த்தது வீடு, வேலை, பயணம். வந்து சேர்ந்தது இலக்கியமும் கூடத்தான்.

சரி, அந்தப் பெரிய கம்ப்யூட்டர் யாருடையது? அது எஸ்.டி.எஸ். 940 என்ற மாடல். இதே மாடலில்தான் 1968இல் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸையும் திரையில் கூட்டாக எழுதுவதையும் உலகத்துக்குச் செய்து காட்டினார். அதன் நேரப்பகிர்வு முறை பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜீனி என்ற திட்டத்தில் உருவானது. பணம் அமெரிக்கப் பாதுகாப்புத்துறையின் ஆய்வு முகமையிலிருந்து வந்தது. சந்தையில் காலாவதியாகிவிட்ட அப்படி ஓர் இயந்திரத்தை ஒரு லீசிங் கம்பெனியிடமிருந்து ரிசோர்ஸ் ஒன் என்ற குழு வாங்கி, முன்னாள் மிட்டாய்த் தொழிற்சாலை ஒன்றில் நிறுத்தியிருந்தது. 1970இல் கம்போடியா மீதான படையெடுப்பை எதிர்த்துப் படிப்பை விட்டு வெளியே வந்தவர்கள் தொடங்கிய குழு அது. ராணுவப் பணத்தில் பிறந்த இயந்திரத்தில் போர் எதிர்ப்பாளர்கள் ரொட்டிக்கடை விலாசம் தேடினார்கள். இதில் ஒரு கவர்ச்சியான முரண் இருக்கிறது, நம் பக்கங்களில் இதைக் கொண்டாடிவிடுவது சுலபம். நான் கொண்டாடத் தயங்குகிறேன். ஏனென்றால் கழித்துப்போட்ட இயந்திரத்துக்கும் குளிர்சாதனம் வேண்டும், பராமரிப்புக்கு ஆள் வேண்டும். ஓசியில் வந்த யானைக்குத் தீனி ஓசியில் வராது. 1975 தொடக்கத்தில் முதல் கட்டம் நின்றுபோயிற்று. ஜனங்கள் ஆர்வம் இழந்ததால் அல்ல. அந்த மென்பொருள் அந்தப் பழைய இயந்திரத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. அப்படி இன்னொன்றை வேறு ஊரில் நிறுத்த வழியில்லை.

ஃபெல்சென்ஸ்டைன் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் அப்போது இவான் இல்லிச்சைப் படித்துக்கொண்டிருந்தார். பயன்படுத்துகிறவன் கைக்கு அடங்குகிற கருவி என்ற இல்லிச்சின் யோசனையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்: பொது இடத்தில் இருக்கிற இயந்திரம் பிழைக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றி இருக்கிற ஜனங்களுக்கே அதைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்யத் தெரிய வேண்டும். 1975 மார்ச்சில் தொடங்கிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் கூட்டங்களைப் பல காலம் நடத்தியவர் இவர். ஆப்பிள் பிறந்ததும் அந்தக் கிளப்பில்தான். மீதியை எல்லாரும் அறிவார்கள். இன்று அந்தக் கம்பெனியின் போனைத் திறந்து பேட்டரி மாற்றுவதே ஒரு சாகசம். கம்யூனிட்டி மெமரி 1984இல் திரும்ப வந்து, 1989இல் இன்னொரு உருவம் எடுத்தது. காசு போடும் பெட்டி: படிப்பது இலவசம், கருத்து எழுத 25 சென்ட், புதிய விவாதம் தொடங்க ஒரு டாலர். 1992இல் அதுவும் முடிந்தது. காசு வாங்கியதைச் சிலர் குறையாகச் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். இயந்திரத்துக்கு ஆகும் செலவைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தவர்கள் அவர்கள். இன்று 'இலவசம்' என்று வாங்கிக்கொண்டு நம் ஒவ்வொரு சொடுக்கையும் விற்கிற கம்பெனிகளோடு ஒப்பிட்டால் அந்த 25 சென்ட் யோக்கியமான காசு.

இரண்டாவது சமூகம் வெல். 1985இல் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியண்டும் தொடங்கியது. பிரில்லியண்டின் கம்பெனி ஒரு வாக்ஸ் 11/750 இயந்திரத்தையும் மென்பொருளையும் தந்தது. பிராண்டின் பாயிண்ட் ஃபவுண்டேஷன் பெயரையும் ஆட்களையும் தந்தது. ஆளுக்குப் பாதி. மாதம் 8 டாலர், மணிக்கு 2 டாலர் கட்டணம். தொலைபேசி பில் தனி. நடத்த வந்த மூவர், மேத்யூ மெக்ளூர், கிளிஃப் ஃபிகல்லோ, ஜான் கோட், டென்னஸியில் 'ஃபார்ம்' என்ற கம்யூனில் பல வருஷம் கூடி வாழ்ந்தவர்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுச் சண்டைபோட்டுப் பழகியவர்களுக்கு, முகம் தெரியாதவர்களின் அக்கப்போரை எப்படி ஆறவிடுவது என்று தெரிந்திருந்தது. விவாத அறைகளைக் கவனித்துக்கொள்ள உறுப்பினர்களிலிருந்தே ஆட்களைப் போட்டார்கள். சம்பளம் கிடையாது, கட்டணம் தள்ளுபடி. இந்த உழைப்பைத்தான் 'சமூகம்' என்ற இனிமையான சொல் மூடிவைக்கிறது.

ஜனம் சேரச் சேர வாக்ஸ் திணறியது. மந்தமாகிவிட்டது, மந்தமாகிவிட்டது என்று ஒரே புலம்பல். அந்தப் புலம்பலையும் அந்த இயந்திரத்தில்தான் எழுதினார்கள், அது இன்னும் மந்தமாயிற்று. ஒரு கட்டத்தில் டிஸ்க் இடம் போதவில்லை, நிர்வாகத்திடம் வாங்கப் பணமும் இல்லை. நிலைமையை மறைக்காமல் உறுப்பினர்கள் முன்னாலேயே போட்டுப் பேசினார்கள். எங்கள் கணக்கில் முன்கூட்டியே பணம் கட்டிவிடுகிறோம், அதை வைத்து வாங்குங்கள் என்று உறுப்பினர்கள் சொன்னார்கள். அப்படித்தான் டிஸ்க் வந்தது. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இது புரியும். ஆயுள் சந்தா என்று நாலு நண்பர்களிடம் வாங்கி அடுத்த இதழுக்குப் பேப்பர் எடுக்கிற அதே கணக்கு. (இதழின் ஆயுள்தான் முதலில் முடியும் என்பது வேறு விஷயம்.) பின்னால் வாக்ஸ் போய் சீக்வெண்ட் இயந்திரம் வந்தது.

இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. காசு கொடுத்தவர்கள் உறுப்பினர்கள். டிஸ்க் சொந்தமானது கம்பெனிக்கு. அது கடனும் இல்லை, பங்கும் இல்லை, வாடகை அட்வான்ஸ். வெல்லின் வாசலில் பிராண்ட் எழுதிவைத்த வாசகம்: உன் சொற்கள் உன்னுடையவை. ஆஹா என்று இருக்கிறது. படைப்பாளியின் உரிமைப் பிரகடனம்போலத் தெரிகிற இதன் பிறப்பு வேறு. யாராவது எதையாவது எழுதி வழக்கு வந்தால் பொறுப்பு எழுதினவன் தலையில், எங்கள் தலையில் இல்லை என்பதற்காக வைத்தது. பிராண்டே இதைச் சொல்லியிருக்கிறார். அதிகாரம் உரிமை தரும் மொழியிலேயே கையைக் கழுவிக்கொள்கிறது. ஆனாலும் சொற்கள் எழுதியவர்களின் கையில் போய் வேறு அர்த்தம் எடுத்தன. 1990இல் ஓர் உறுப்பினர், பல வருஷமாகத் தான் எழுதிய எல்லாவற்றையும் ஒரு சிறு நிரலை வைத்து ஒரே மூச்சில் அழித்தார். மற்றவர்களின் பதில்கள் இருந்தன, அவர் சொன்னது இல்லை. பழைய உரையாடல்கள் எல்லாம் பல் விழுந்த வாய்போல ஆயின. கோபப்பட்டார்கள், பேசியது பேசியவனுக்கு மட்டும்தான் சொந்தமா என்று கேட்டார்கள். சில வாரங்களில் அவர் தன்னையே மாய்த்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

கம்பெனி கை மாறியது. ராக்போர்ட் செருப்புக் கம்பெனியின் புரூஸ் கட்ஸ் முதலில் பாதியும் 1994இல் முழுவதும் வாங்கினார். பெரிதாக்குவோம், நாடு முழுக்கக் கொண்டுபோவோம் என்றார். பிடிக்காத சிலர் பிரிந்துபோய், பயன்படுத்துகிறவர்களே உடைமையாளர்களாக இருக்கும் கூட்டுறவாக 'ரிவர்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1999இல் வெல்லை சலோன் பத்திரிகை வாங்கியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பத்திரத்தில் எழுதப்பட்டது இயந்திரம், பெயர், உறுப்பினர் பட்டியல். அங்கே வருஷக்கணக்காகக் கூடிய பேச்சுதான் விலைக்குக் காரணம் என்றாலும் அது பத்திரத்தில் தனிச் சொத்தாக வராது.

தமிழுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் ராயர் காப்பி கிளப், மரத்தடி என்று யாஹூ குழுமங்களில் எவ்வளவு எழுதப்பட்டது! இலக்கியச் சண்டையிலிருந்து எழுத்துருச் சண்டை வரை. சர்வர் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் பில் வரவில்லை. அப்கிரேட் நமக்குத் தெரியாமல் நடந்தது, அதனால் அதைப் பற்றி ஒரு விவாதமும் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் குழுமங்களில் இருந்த பழைய செய்திகளை யாஹூ எடுத்துவிட்டது. 2020 டிசம்பரில் கடையையே மூடியது. அறிவிப்புக்கும் அழிப்புக்கும் நடுவே சில வாரங்கள்தான் இருந்தன.

என் சொந்தக் கதை இதைவிடச் சின்னது. எங்கள் இதழின் கடைசி மூன்று இதழ்களை ஒரு டி.டி.பி. சென்டரில் அச்சுக்கோத்து, பிளாப்பியில் பத்திரமாக வாங்கிவைத்திருந்தேன். சென்டர்காரர் சாஃப்ட்வேரை மாற்றினார், பழைய எழுத்துரு போயிற்று. பிறகு சென்டரும் போயிற்று. பல வருஷம் கழித்து ஒரு நண்பர் எப்படியோ அந்த பிளாப்பியைத் திறந்து காட்டினார். கோப்பு இருந்தது. உள்ளே தமிழ் இருந்த இடத்தில் கொம்பும் புள்ளியுமாக ஏதோ லத்தீன் எழுத்துக்கள். படிக்கக் கிடைத்தது, பரணில் கரையான் மிச்சம் வைத்த நாற்பது பிரதிகள்தான்.

வெல்லுக்கு 2012இல் ஒரு திருப்பம். சலோன் விற்க முடிவெடுத்தபோது பழைய உறுப்பினர்கள் பதினோரு பேர் சேர்ந்து 4,00,000 டாலருக்கு அதை வாங்கினார்கள். 1980களில் டிஸ்க்குக்கு முன்பணம் கட்டியவர்கள் அன்றே பங்கு கேட்டிருந்தால் எவ்வளவு சல்லிசாக முடிந்திருக்கும் என்று தோன்றுகிறது. அப்போது யாருக்கும் அது தோன்றவில்லை. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியதும் ஜனங்கள் மாஸ்டடான் பக்கம் கூட்டமாகப் போனார்களே, அங்கே தனிமனிதர்களும் சிறு குழுக்களும் நடத்துகிற சர்வர்கள் சில நாட்களிலேயே மூச்சு வாங்கின. பந்தியில் அதே கதை. ஆனால் சிலர் ஒரு காரியம் செய்தார்கள்: மாத வாடகை இவ்வளவு, டிஸ்க்குக்கு இவ்வளவு, வந்த நன்கொடை இவ்வளவு, துண்டு இவ்வளவு என்று கணக்கை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதிப்போட்டார்கள்.