கொல்லைப்புறத்தில் ஒரு நிழற்குடில்

விலை கொடுத்து வாங்கிய விதை முளைத்தும், சித்திரை வெயிலில் நாற்று துவண்டு மடிவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பி.வி.சி. குழாய்களால் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு சிறு குடில் அமைத்தால் இந்த இழப்பு பெரிதும் குறையும்.

வளைவுக்கு நான்கு, முகட்டுக்கு ஒன்று, ஆக 20 அடிக் குழாய்கள் ஐந்து போதும். 10 அடி அகலம் விட்டு, எதிரெதிரே 3 அடி இரும்புக் கம்பிகளைப் பாதியளவு மண்ணில் அடித்து, குழாயின் இரு முனைகளையும் அவற்றின்மேல் செருக வேண்டும். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம் கிடைக்கும். வளைவுகளுக்கிடையே 4 அடி இருக்கலாம். கம்பியில் சிக்கனம் பார்ப்பவர், ஆடிக் காற்றில் தம் குடிலை அண்டை வீட்டாரின் தோட்டத்தில் தேட நேரும்!

மேலே எதைப் போர்த்துவது? பிளாஸ்டிக் தாள் குளிர்ந்த இடங்களுக்கு உரியது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும். சமவெளியில் அதைப் போர்த்தி நாற்புறமும் அடைத்தால் நாற்று வெந்துவிடும். இங்கு வேண்டுவது பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையே. மலைப் பகுதியினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.வி.சி. குழாயைத் தொட்டுக் கிடக்கும் தாள் அவ்விடத்தில் விரைவில் நைந்துபோகும். ஆதலின் குழாய்க்கு வெள்ளை வண்ணம் பூசுதல் நலம். வெயிலில் குழாய் நொறுங்குவதையும் அது தாமதப்படுத்தும்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் வலையை அவிழ்த்துவிட வேண்டும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் சிறிது சிறிதாக விலக்கி, நாற்றை வெயிலுக்குப் பழக்குவதும் அவசியம்.