லீவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே

பாய்மரப் படகுக்குக் காற்றே போதும் என்பது நடுக்கடலில் மட்டும் சரி. துறைக்குள் நுழையும்போது பாயை இறக்கிவிட்டுச் சிறிய டீசல் இன்ஜினை நம்பித்தான் கரை சேர வேண்டும். சுக்கான் பிடிப்பவர் மேலே, லீவருக்கு அருகே நிற்கிறார். இன்ஜின் கீழே, சில மீட்டர் தள்ளி இருக்கிறது. லீவரையும் இன்ஜினையும் இணைப்பவை இரண்டு கேபிள்கள். ஒன்று கியருக்கு, மற்றது வேகத்துக்கு. கியர் கேபிள் இறுகிப்போனால், படகு நேராகப் படித்துறைச் சுவரை நோக்கிப் போகும்போது ரிவர்ஸ் விழாது.

இவற்றின் மூதாதை சைக்கிள் பிரேக் கேபிள். எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் 1896இல் காப்புரிமைக்குப் பதிவு செய்த அமைப்பு அதற்கு அடிப்படை: சுருள் உறைக்குள் ஓடும் மெல்லிய கம்பி. அதை இழுக்கலாம், தள்ள முடியாது. பழைய நிலைக்குத் திரும்ப ஸ்பிரிங் வேண்டும். கியருக்கோ தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஆகவே படகுக் கேபிளின் உள்கம்பி விறைப்பானது. மடங்க இடமில்லாதபடி உறை அதை நெருக்கிப் பிடித்திருக்கும். உறையிலும் ஒரு நுட்பம் உண்டு. உள்கம்பியைத் தள்ளும்போது உறை அதே விசையால் எதிர்த்திசையில் இழுபடுகிறது. வெறும் சுருளாக இருந்தால் விரிந்து கொடுத்துவிடும். அதனால்தான் அதன் கம்பிகளை நீளவாக்கில் வரிசையாக அடுக்கி, மேலே பிளாஸ்டிக் போர்த்துகிறார்கள்.

உறையின் இரு முனைகளும் அசையாமல் நிற்பது அவசியம். அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்தால் உள்கம்பிக்குப் பதில் உறையே நகரும். லீவர் அசையும், கியர் அசையாது. புதுக் கேபிள் வாங்கக் கிளம்புமுன் அந்த இரண்டு கிளாம்பையும் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

கிளாம்ப் சரியாக இருந்தும் லீவர் கனத்தால், இன்ஜின் பக்கத்து முனையைக் கழற்றிக் கேபிளை மட்டும் அசைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கனத்தால் குற்றம் கேபிளில்தான். முதலில் அதன் வளைவுகளைப் பார்க்க வேண்டும். கப்பல் கயிற்றைக் கரையிலுள்ள இரும்புத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரே ஆள் கப்பலைப் பிடித்து நிறுத்திவிடுவார். அதே உராய்வுக் கணக்கு இங்கே எதிரியாக வந்து நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த இந்த விதிப்படி, உராய்வு வளைவுகளின் மொத்தக் கோணத்தைப் பொறுத்துப் பெருக்கல் முறையில் ஏறும். உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொள்வோம். கியரில் 1 கிலோ விசை வேண்டுமானால், 90 டிகிரி வளைந்த கேபிளில் கை 1.27 கிலோ கொடுக்க வேண்டும். 180 டிகிரிக்கு 1.6, 360 டிகிரிக்கு 2.57. கூடுதல் நீளத்தில் கேபிள் வாங்கி, மிஞ்சியதை ஒரு வட்டமாகச் சுருட்டி மூலையில் கட்டிவைப்பவர் இந்தத் தண்டனையைத் தானே விலைகொடுத்து வாங்குகிறார். பழைய கேபிள் போன வழியிலேயே கண்ணை மூடிக்கொண்டு புதியதையும் செலுத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. நேரான வழி இருக்கிறதா என்று தேட இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

வளைவு போக, உப்பும் கேபிளைக் கெடுக்கும். ஸ்டெயின்லெஸ் எஃகைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். முனையிலுள்ள ரப்பர் மூடி வெடித்து உப்புநீர் உறைக்குள் தேங்கினால், அந்தக் காற்றில்லாத இடுக்கில் துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கும். எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்று தோன்றும். பெரும்பாலான கேபிள்கள் மூடியபடியே மசகுடன் வருபவை. உள்ளே போய்விட்ட துருவை எண்ணெய் வெளியேற்றாது. கேபிளை மாற்றுவதே வழி.

பழையதை உருவும்போது அதன் முனையில் உறுதியான கயிறு ஒன்றைக் கட்டிவிட வேண்டும். கேபிள் வெளியே வரும், கயிறு அதன் பாதையில் தங்கும். அதே கயிறு புதியதை உள்ளே இழுத்துவரும். சக்கரச் சுக்கான் உள்ள படகுகளில் இந்தப் பாதை பெரும்பாலும் சுக்கான் தூணுக்குள் போகிறது. அங்கே சுக்கானின் சங்கிலியும் ஓடும். கேபிள் அதில் உரசினால் கியரோடு சுக்கானும் போய்விடும்.

கடைசி வேலை, முனையிலுள்ள திருகைச் சரிசெய்வது. நியூட்ரலில் தொடங்கி, கியர்பெட்டியின் சிறு லீவர் இருபுறமும் முழுதாகப் போகிறதா என்று இன்ஜினை அணைத்துவைத்துப் பார்க்க வேண்டும். பாதியில் நின்றால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. வழுக்கிச் சூடாகித் தேய்ந்துபோகும். கியர்பெட்டியைப் பழுதுபார்க்கும் செலவில் இதுபோல் பல கேபிள்கள் வாங்கலாம்.