அஞ்சறைப்பெட்டியும் ஆக்செஸும்

“நாற்பத்தைந்து வயசுல உனக்குக் கம்ப்யூட்டர் படிப்பா?” என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

ஒரகடத்தில் தொழிற்சாலைப் பெண்களுக்குச் சாப்பாட்டுடன் விடுதி நடத்துகிறேன். கணக்கெல்லாம் நோட்டில்தான். போன வருஷம் செய்யாற்றுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். “இந்த மாசம் பணம் கட்டிட்டேன்க்கா, மறுபடியும் கேக்கறீங்களே!” நோட்டைப் புரட்டினால், அதே பெயருள்ள இன்னொரு பெண்ணின் பக்கத்தில் வரவு வைத்திருக்கிறேன்! வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிரவே என் மகனிடம் மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் கற்கத் தொடங்கினேன். 1992இல் வந்த இது, இன்றும் சிறு தொழில்களுக்குக் கைகொடுக்கிறது.

அடிப்படை நம் அஞ்சறைப்பெட்டிதான். கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை. அதுபோலத் தங்குபவர் விவரம் ஓர் அட்டவணை. கட்டிய பணம் இன்னோர் அட்டவணை. ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. அந்த எண்தான் இரண்டையும் இணைக்கும். பெயர் ஒன்றானாலும் கணக்குக் கலக்காது. ‘இந்த மாதம் யார் கட்டவில்லை?’ என்று ஒரு முறை ‘க்வெரி’ எழுதி வைத்தால், கேட்டபோதெல்லாம் பட்டியல் வரும்.

சகோதரிகளே, தொடங்குமுன் அட்டவணைகளைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். போன் நம்பரை எண்ணாக அல்ல, எழுத்தாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் முன்னாலுள்ள பூஜ்யம் காணாமல் போகும். வாரம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுங்கள்.

அந்தப் பெண் இப்போது ரசீதை வாங்கியதும் முதலில் தன் எண்ணைத்தான் பார்க்கிறாள். சிரித்தவரோ, “என் பெட்ரோல் கணக்கையும் அதுல ஏத்திடேன்” என்கிறார்!