சூசையும் ஜோசப்பும்

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு, ஜூலைத் திங்களில் ஒரு சனிக்கிழமை மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்தபின், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கையில் ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களுடன் பங்கு இல்லத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் முகத்தைக் கண்டதும், வீட்டில் யாருக்கோ உடல் நலமில்லை போலும் என்று எண்ணினோம். “சாமி, எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்” என்றார் அவர்.

அதே ஆண்டு, 2024 மே மாதத் தொடக்கத்தில், நம் கையாலேயே அவர் திருமணத்தை மந்திரித்திருந்தோம். மணமகள் இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரிபவர். பல ஆண்டு உழைப்பிற்குப்பின் அந்நாட்டில் நிலையாகத் தங்கும் உரிமையும் பெற்றவர். திருமணம் முடிந்த மூன்றாம் வாரம் விடுப்பு முடிந்து அவர் திரும்பிவிட்டார். கணவரைத் தம்மிடம் அழைத்துக்கொள்ளும் விசாவுக்காகத் தம் பங்குக்குரிய ஆவணங்களையெல்லாம் ஜூன் இறுதிக்குள் திரட்டி வைத்திருந்தார். இங்கே கிடைக்கவேண்டியிருந்தது, அரசின் திருமணப் பதிவுச் சான்று ஒன்றே.

அது ஏன் கிடைக்கவில்லை? அந்த இளைஞர் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் சூசை. (உண்மைப் பெயரை இங்கே எழுதாமல், அவ்வாறே வைத்துக்கொள்வோம்.) பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் ஒருவர், “சூசை என்றால் ஜோசப்தானே?” என்று கூறி ஜோசப் என்று எழுதிவிட்டார். பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் அவர் ஜோசப். நம் திருமணப் பதிவேட்டில் அவர் சூசை. ஞானஸ்நானச் சான்றைப் பார்த்து எழுதிய நாம், பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நம் மக்களுக்குச் சூசையப்பர் யார், ஜோசப் யார் என்று விளக்க வேண்டியதில்லை. அதனாலேயே பிழை நம் கண்ணில் படவில்லை. குற்றம் நம்முடையது என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம்.

இச்சிறு பிழையின் விலை என்ன என்பதையும் வாசகர்கள் அறியவேண்டும். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, பள்ளிச் சான்றை இணைத்து, ஆயர் இல்லத்தின் அனுமதியோடு பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதி, புதிய சான்று வழங்கி, அரசுப் பதிவு முடிவதற்குள் செப்டம்பர் இறுதி ஆகிவிட்டது. இதற்கிடையில் அங்கே மனைவி திரட்டியிருந்த சம்பளச் சீட்டுகளும் வங்கிக் கணக்கு அறிக்கைகளும் பழையனவாகிவிட்டன. அவற்றை மீண்டும் பெறவேண்டியிருந்தது. இளைஞர் மே மாதமே அவசரப்பட்டு எடுத்து வைத்திருந்த காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் ஆறு மாதம் கடந்து காலாவதியாயிற்று. நவம்பர் இறுதியில்தான் விண்ணப்பம் சென்றது. பிப்ரவரியில் அப்பெண் அயல்நாட்டு மருத்துவமனையில், கணவரோ தாயோ அருகில் இல்லாமல், தம் முதற் குழந்தையைப் பெற்றெடுத்தார். விசா ஏப்ரலில் வந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, இக்கட்டுரையை நாம் எழுதுவது இதன் பொருட்டே.

திருச்சபையும் சான்று கேட்கிறது

“அருட்சாதனமாகிய திருமணத்திற்கு இத்தனை காகிதம் எதற்கு? கடவுள் முன்னிலையில் கொடுத்த வாக்கை ஓர் அதிகாரி நம்பவில்லையே!” என்று வருந்துவோர் பலர். அவ்வருத்தம் நமக்குப் புரிகிறது. ஆயினும் சான்று கேட்பதைத் திருச்சபையும் செய்துவருகிறது என்பதை நாம் மறக்கலாகாது. முற்காலத்தில் சாட்சியின்றி மறைவாக நடந்த திருமணங்கள் ஐரோப்பாவில் பெருகியிருந்தன. மறைவில் ஒருத்தியை மணந்தவன், பின்னர் அவளைக் கைவிட்டு ஊரறிய இன்னொருத்தியை மணந்தால், முதல் மனைவியிடம் காட்டுவதற்கு எதுவும் இராது. இக்கேட்டினை ஒழிக்கவே திரிதெந்து பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டில், திருமணம் பங்குக் குருவின் முன்னும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் முன்னும் நடைபெற வேண்டும் என்றும், மணமக்கள், சாட்சிகள், நாள், இடம் ஆகியவற்றைப் பங்குக் குரு ஏட்டில் எழுதிக் காக்கவேண்டும் என்றும் விதித்தது. 1907இல் பத்தாம் பத்திநாதர் காலத்து ஆணை ஒன்று, திருமணத்தை ஞானஸ்நான ஏட்டிலும் குறிக்குமாறு பணித்தது. இன்றும் நாம் மூன்று முறை ஓலை வாசிப்பதும் சாட்சிகளைக் கையொப்பமிடச் செய்வதும் இதே நோக்கத்திற்காகத்தான்.

ஆகவே ஏடு என்பது அன்பின்மேல் கொண்ட ஐயம் அன்று. எளியோருக்கு இடப்பட்ட வேலி. பெத்லகேமுக்குப் பெயர் பதியச் சென்ற திருக்குடும்பமும் ஓர் அரசின் கணக்கெடுப்புக்குக் கீழ்ப்படிந்த குடும்பமே அன்றோ!

ஒரு செவிலியின் வழக்கு

அதிகாரிகள் கேட்பதெல்லாம் எப்போதும் நியாயம் என்று நாம் கூறவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து சென்று பிரிட்டனில் நிலையாகத் தங்கும் உரிமை பெற்ற செவிலி ஒருவர், 1980இல் தாய்நாட்டில் திருமணச் சடங்கை நிறைவேற்றிக் கணவரை அழைக்க விண்ணப்பித்தார். அனுமதி மறுக்கப்பட்டது. அங்கே நிலையாக வாழும் ஆணுக்கு மனைவியை அழைப்பது எளிதாகவும், பெண்ணுக்குக் கணவரை அழைப்பது கடினமாகவும் இருந்த காலம் அது. அத்துடன், உரிய திருமண உரிமம் பெறாமையால் அவருடைய திருமணமே செல்லாது என்றும் வாதிடப்பட்டது. அவரும் வேறு இரு பெண்களும் தொடுத்த வழக்கில், 1985 மே 28 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஆணுக்கொரு விதி பெண்ணுக்கொரு விதி என்பது அநீதி எனத் தீர்ப்பளித்தது. அரசோ பெண்களின் சுமையைக் குறைக்காமல், அதே கடுமையை ஆண்கள் தங்கள் மனைவியரை அழைப்பதற்கும் விரித்தது. ‘இத்திருமணத்தின் முதன்மை நோக்கம் நாட்டிற்குள் நுழைவது அன்று’ என்று விண்ணப்பதாரரே மெய்ப்பிக்கவேண்டும் என்ற விதி 1997இல்தான் நீக்கப்பட்டது.

மனம் ஒத்த திருமணம், நியாயமான வழக்கு, எல்லாம் இருந்தும் ஓர் உரிமம் இல்லாமை அச்செவிலியை எவ்வளவு அலைக்கழித்தது என்பதை நம் குடும்பங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எவை வேண்டும்?

நம் பங்குகளிலிருந்து செவிலியர் பலர் சென்றிருக்கும் பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். அங்கே குடியுரிமையோ நிலையாகத் தங்கும் உரிமையோ உடையவர் தம் கணவரை அல்லது மனைவியை அழைக்கும்போது, ஆவணங்கள் நான்கு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

முதலாவது, திருமணம் சட்டப்படி நடந்ததா? 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் நம் ஆலயத் திருமணம் செல்லுபடியாகும். எனினும் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம், வேறு சட்டப்படி ஏட்டில் எழுதப்பட்ட திருமணத்தையும் அரசுப் பதிவாளரிடம் 90 நாள்களுக்குள் பதியுமாறு கூறுகிறது. கோவில் ஏடு போதும் என்று இருந்துவிடலாகாது.

இரண்டாவது, இவ்வுறவு உண்மையானதா, தொடர்கிறதா? நிச்சயதார்த்தம், திருமணம், சேர்ந்து சென்ற திருத்தலப் பயணம் ஆகியவற்றின் படங்கள், பயணச் சீட்டுகள், ஒருவர்க்கொருவர் அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டுகள், தொலைபேசி உரையாடல்களின் பட்டியல் ஆகியன இதற்கு உதவும். கணவன் மனைவி எழுதிக்கொண்டதை அயலார் படிப்பதா என்று நம் பெண்கள் நாணுகிறார்கள். அந்தரங்கமான சொற்கள் எவையும் வேண்டியதில்லை. மாதத்திற்கு ஓரிரண்டு, நாள் தெளிவாகத் தெரியுமாறு தெரிந்தெடுத்துக் காலவரிசையில் அடுக்கினால் போதும். நூறு திருமணப் படங்களைக் காட்டிலும், திருமணத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த பத்துப் படங்கள் நன்கு பேசும்.

மூன்றாவது, குடும்பத்தைத் தாங்க வருமானமும் வீடும் உண்டா? 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்போருக்கு, அழைப்பவரின் ஆண்டு வருமானம் பொதுவாக 29,000 பவுண்டு இருக்கவேண்டும் என விதித்துள்ளனர். அதற்குமுன் அது 18,600 ஆக இருந்தது. ஒரே பணியிடத்தில் ஆறு மாதத்திற்கு மேல் வேலை செய்பவர் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அச்சம்பளம் வரவான வங்கி அறிக்கைகள், பணியளிப்பவரின் கடிதம் ஆகியவற்றை இணைக்கவேண்டும். இவ்வரிசையின் கடைசி நாளுக்கும் விண்ணப்ப நாளுக்கும் இடையே 28 நாள் கடந்துவிடக்கூடாது. நம் இளைஞரின் மனைவி இரண்டாம் முறை அலைந்தது இதனால்தான். தொகைகளும் விதிகளும் மாறிக்கொண்டேயிருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்நாட்டு அரசின் அறிவிப்பையே பார்க்க வேண்டும். உறவினர் பேச்சை நம்பலாகாது.

நான்காவது, செல்பவரின் தகுதி. அந்த அரசு ஏற்கும் அடிப்படை ஆங்கிலத் தேர்வுச் சான்றும், அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் பெற்ற காசநோய் இல்லையென்னும் சான்றும் பொதுவாகத் தேவை. பின்னது ஆறு மாதமே செல்லும். ஆதலால் முந்திக்கொண்டு எடுப்பதில் பயனில்லை.

இவற்றில் தமிழில் உள்ளவற்றிற்கெல்லாம் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் அது சரியானதெனச் சான்றுரைத்து, நாளும் பெயரும் முகவரியும் குறித்துக் கையொப்பமிட வேண்டும்.

பெயரும் முன் திருமணமும்

நம் மக்களின் பெயர்கள் இத்தகைய விண்ணப்பங்களில் பெருந்தொல்லை தருவன. அருளப்பர் ஜான் ஆகிறார். இராயப்பர் பீட்டர் ஆகிறார். சின்னப்பர் பால் ஆகிறார். தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்க, பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராக விரிகிறது. கடல் கடந்து அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு இவர்கள் இரு வேறு மனிதர்கள். பிறப்புச் சான்று, ஞானஸ்நானச் சான்று, பள்ளிச் சான்று, பாஸ்போர்ட் ஆகிய நான்கையும் ஒருசேர வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் ஓலை வாசிக்கும் முன்பே பங்குக் குருவிடம் சொல்லுங்கள்.

முன்பு மணமானவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். துணையை இழந்தவர் கல்லறை ஏட்டின் நகலோடு நில்லாமல், அரசின் இறப்புச் சான்றையும் பெறவேண்டும். முந்திய திருமணம் செல்லாதெனத் திருச்சபை நீதிமன்றம் அறிவித்திருந்தாலும், நாட்டுச் சட்டத்தின் முன் அது மட்டும் போதாது. 1996இல் மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அரசு நீதிமன்றத்தின் தீர்ப்பு இன்றி மறுமணம் செய்து அயல்நாட்டிற்கு விண்ணப்பிப்போர், அங்கே அந்தத் திருமணம் ஏற்கப்படாமல் தவிக்க நேரிடும்.

எழுதாததை எழுதலாகாது

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்லவேண்டும். ஒரு தந்தை நம்மிடம் வந்து, மகளின் திருமண நாளை இரண்டு மாதம் முன்னதாக எழுதித் தருமாறு வேண்டினார். “சாமி, ஒரு எண்தானே? யாருக்கு நட்டம்?” என்றார். அவர் தீயவர் அல்லர். மகளின் தனிமையைத் தாங்க முடியாதவர். நாம் மறுத்தோம். சில மாதங்கள் அவர் பூசைக்கு வந்தும் நம்மோடு பேசாதிருந்தார்.

பொய்யான ஆவணம் ஒன்று வெளிப்பட்டால் அந்த விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு, பின்வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தின்மீதும் அதன் நிழல் விழும். அதுமட்டுமன்று, ஒரு பங்கின் ஏடு ஒருமுறை பொய் சொன்னதென்று தெரிந்தால், அப்பங்கிலிருந்து செல்லும் உண்மையான சான்றுகளையும் எவர் நம்புவார்? ஏழை ஒருவரின் ஒரே சாட்சி அந்த ஏடுதான். அதை நாம் கெடுத்தால், அவரை நாமே ஊமையாக்கியவர்களாவோம்.

நம் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். உத்தரிய மாலையும் செபப்புத்தகமும் வைக்கும் பெட்டிக்கு அருகில் ஒரு பெட்டியை ஆவணங்களுக்கென ஒதுக்குங்கள். குழந்தை பிறந்த வாரத்திலேயே அதில் முதல் காகிதம் சேரட்டும். பெயரை ஒரே எழுத்தமைப்பில் எங்கும் எழுதுங்கள். சகோதரக் குருக்களுக்கும் ஒரு சொல்: திருமண விசாரணையின்போது, மணமக்களின் பாஸ்போர்ட்டையும் பள்ளிச் சான்றையும் கேட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் செலவாகும். நாம் அதைச் செலவிடாமற்போனதால் ஒரு தந்தை தம் குழந்தையின் முதல் இரண்டு மாதங்களைக் காணவில்லை.

இங்கிலாந்து சென்ற அவ்விளைஞர் சென்ற ஆண்டு நமக்கொரு கடிதம் விடுத்தார். குழந்தைக்கு அங்குள்ள ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சென்றபோது, அப்பங்குக் குரு, “உங்கள் திருமணச் சான்று இருக்கிறதா?” என்று கேட்டாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, பையிலிருந்து அதை உடனே எடுத்துக் கொடுத்தார்களாம். ஓரத்தில் நாம் எழுதிய திருத்தக் குறிப்பும் அதில் இருந்தது. குழந்தைக்கு இட்ட பெயர் என்னவென்று கேட்டு எழுதினோம். சூசை என்றுதான்; பிறப்புச் சான்றிலும் அப்படியே.